சானிடைசருக்குச் சாகாத வித்து: தாயாரை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

செபராங் பிறையில் வசிக்கும் 45 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தாயாருக்கு வயது 71. நுரையீரல் தொற்றுக்காகப் பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நரம்பு வழியாக ஒரு ஆன்டிபயாடிக்கும், சில நாள் கழித்து மாத்திரையாக இன்னொன்றும் கொடுத்திருக்கிறார்கள். மூச்சுத்திணறல் அடங்கிய வேளையில், ஏழாம் நாள், வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரே நாளில் எட்டு, பத்து முறை தண்ணீராகப் போனது. மலத்தைச் சோதித்துவிட்டு, 'சி. டிஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற கிருமி என்று சொல்லித் தனி அறைக்கு மாற்றினார்கள். வாய் வழியாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பத்து நாளுக்குத் தரப்படுகிறது. இப்போது போக்கு நின்று, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

இனி அவருடைய கவலைகள். வீட்டில் தம்பியின் ஐந்து மாதக் குழந்தை இருப்பதால், தாயாரை இப்போதைக்கு அழைத்து வர வேண்டாம் என்கிறார் தம்பி. இத்தனை நாளும் அறைக்குள் போகும்போதும் வரும்போதும் எல்லோரும் தவறாமல் சானிடைசர் பூசியிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு மிஸி (செவிலியர்), "இதுக்கு அது பத்தாது, சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று சொன்னதும் வாசகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் கட்டில் கால்மாட்டில் அந்தப் புட்டியை ஏன் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறார். மருத்துவமனையின் அசுத்தத்தால்தான் தொற்றியது, வழக்குப் போட வேண்டும் என்று தம்பி சொல்கிறார். உறவினர் ஒருவர் மாதுளைத் தோல் கஷாயமும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் ஆண்டுதோறும் காய்கறி நறுக்கிக் கொடுப்பவர் தாயார். "என் கையால கிருமி பரவும்னா நான் அடுப்படிப் பக்கமே போகலை" என்று அவர் அழுததாகக் கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படும் விடையைச் சொல்லிவிடுகிறேன். தாயாரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் நீங்கள் இதுவரை நம்பியிருந்த பாதுகாப்பும், உங்கள் தம்பி இப்போது அஞ்சும் ஆபத்தும், இரண்டுமே சற்று இடம் மாறியிருக்கின்றன. ஏன் என்பது புரிய, இந்தக் கிருமி தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் ஒரு கூட்டைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அது புரிந்துவிட்டால், எங்கே கவனமாக இருக்க வேண்டும், எங்கே அச்சத்தை விட்டுவிடலாம் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் முடிவு செய்துகொள்வீர்கள்.

வித்து என்பது என்ன

சி. டிஃப் கிருமியால் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாங்க முடியாது. வளரும் நிலையில் இருக்கும் ஒரு செல், குடலை விட்டு வெளியே வந்தால் விரைவில் மடிந்துவிடும். 1935ஆம் ஆண்டு ஹால், ஓ'டூல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, ஆய்வகத்தில் வளர்க்கவே பெரும்பாடாக இருந்தது. 'டிஃபிசைல்' என்ற பெயரே 'கடினமானது' என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அப்படி வந்ததுதான். இவ்வளவு நொய்ந்த உயிரி எப்படி ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குப் போகிறது? அது போவதில்லை, அதன் வித்துதான் போகிறது.

நம் முன்னோர் விதைநெல்லை வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாக்டீரியா வித்தும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. விதைநெல் ஒன்று நூறாகப் பெருகும். வித்தோ ஒரு செல்லுக்கு ஒன்றுதான் உருவாகும். பாக்டீரியா வித்தாக மாறுவது பெருகுவதற்காக இல்லை, கெட்ட காலத்தைக் கடப்பதற்காக. செல் தன்னைச் சமமற்ற இரண்டு பகுதிகளாகத் தடுத்துக்கொள்கிறது. சிறிய பகுதியைப் பெரிய பகுதி விழுங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. பெரிய பகுதிக்கு உயிரியலில் தாய்ச்செல் என்று பெயர். உள்ளே இருக்கும் சிறியதைச் சுற்றித் தாய்ச்செல் உறை மேல் உறையாகக் கட்டி முடித்ததும் தான் வெடித்துச் சிதைந்துபோகிறது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் இந்த வேலை முழுவதும் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதை ஆய்வகத்தில் பார்க்கலாம்.

வித்தின் உறுதி எல்லாம் அதன் வறட்சியில் இருக்கிறது. வளரும் பாக்டீரியாவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வித்தின் நடுக்கருவில் அது பாதிக்கும் கீழே, சிலவற்றில் கால் பங்குக்குக்கூட இறங்கிவிடுகிறது. தண்ணீர் இருந்த இடத்தில் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் இணைந்து நிரம்பிக்கொள்கின்றன. உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த அமிலமே இருக்கும். மரபுப் பொருளான டிஎன்ஏவைச் சிறிய புரதங்கள் போர்வைபோல் மூடிக் காக்கின்றன. அதற்கு வெளியே ஒரு சவ்வு, தடித்த ஒரு மேலோடு, அதற்கும் வெளியே பல அடுக்குப் புரத உறை. இந்த நிலையில் அது மூச்சு விடுவதில்லை, உண்பதில்லை, வளர்வதில்லை. உயிரின் அசைவு எதுவும் இல்லாத ஒன்றைக் கொல்வது எளிதன்று, ஏனென்றால் நம் மருந்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அசைவைத் தடுத்துத்தான் கொல்கின்றன. கட்டில் கம்பியிலும் அழைப்பு மணிப் பொத்தானிலும் இந்த வித்து மாதக்கணக்கில் காத்திருக்க முடிவதும் இதனால்தான்.

எலிகளில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வித்தாக மாறுவதற்கு ஆணையிடும் ஸ்போ0ஏ என்ற மரபணுவைச் சி. டிஃபிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தக் கிருமியாலும் எலிகளுக்குக் குடல் நோய் வந்தது. ஆனால் குடலில் நிலைத்திருக்கவோ அடுத்த எலிக்குப் பரவவோ அதனால் முடியவில்லை. நோயைத் தருவது செல். பரப்புவதும் திரும்ப வரவழைப்பதும் வித்து. உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் இந்த ஒரு வேறுபாடே திறவுகோல்.

சானிடைசர் ஏன் பயன்படவில்லை

ஆல்கஹால் கலந்த சானிடைசர், செல்லின் சவ்வைக் கரைத்தும் நீர் நிறைந்த புரதங்களை உருக்குலைத்தும் கொல்கிறது. வித்தின் உறை அதை உள்ளே விடுவதில்லை; விட்டாலும் வறண்ட நடுக்கருவில் அதற்கு வேலையில்லை. சொன்னால் வியப்பாக இருக்கும்: மலத்திலிருந்து சி. டிஃபைப் பிரித்தெடுக்க விரும்பும் ஆய்வகப் பணியாளர்கள் மாதிரியின்மேல் ஆல்கஹாலைத்தான் ஊற்றுவார்கள். மற்றவை எல்லாம் சாகும், வித்துகள் மட்டும் பிழைக்கும், அதன்பின் அவற்றை வளர்த்துக்கொள்ளலாம். அதாவது, ஆல்கஹால் அங்கே இந்தக் கிருமியைச் சலித்தெடுக்கும் சல்லடை.

சோப்பும் தண்ணீரும் வித்தைக் கொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவையும் கொல்வதில்லை. தேய்ப்பதால் வித்து தோலை விட்டுப் பெயர்கிறது, ஓடும் தண்ணீர் அதைச் சாக்கடைக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஆகவே விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் அடி எல்லாம் தேய்த்து, ஓடும் குழாயில் அலச வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து எடுப்பது கழுவுவது ஆகாது. சோற்றைக் கையால் பிசைந்து உண்பவர்கள் நாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வித்து உடலுக்குள் நுழையும் ஒரே வாசல் வாய்தான்.

அப்படியானால் கால்மாட்டில் புட்டி எதற்கு என்றீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவமனைகளில் கையிலிருந்து கைக்குப் பரவும் கிருமிகளில் பெரும்பாலானவை வித்தாக மாறத் தெரியாதவை. மருந்துக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸ், கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் போன்றவற்றை அந்தத் திரவம் சில நொடிகளில் கொல்லும். ஒரு நாளில் நூறு முறை கை சுத்தம் செய்ய வேண்டிய செவிலியருக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்த மிஸி சொன்னது சரி, புட்டி அங்கே தொங்குவதும் சரி. தனி அறை வாசலில் எவராவது உங்களுக்கு முதல் நாளே இதை விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் குறை.

கொதிக்க வைத்தால் போகாதா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கொதிநீர் 100 பாகை செல்சியஸில் நிற்கிறது; அதை நம்ப முடியாது. அறுவைக் கருவிகளை அழுத்தத்தோடு கூடிய நீராவியில் 121 பாகையில் 15 நிமிடம் வைப்பது வித்துகளைக் கருதியே. உங்கள் சமையலறையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் வித்து, சோறு வடிக்கும் கொதியைத் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் சோற்றை மணிக்கணக்காக வெளியே வைத்தால் அது விழித்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சில் வாந்தி உண்டாக்கும் வகை, மறுநாள் சோற்றை நன்றாகப் பொரித்தாலும் அழியாது. அது வேறு கிருமி, வேறு நோய். வித்தின் குணம் மட்டும் அதேதான்.

விழுங்கிய வித்தெல்லாம் நோயாவதில்லை

உங்கள் தம்பியின் அச்சத்துக்கு வருகிறேன். அவர் நினைப்பதுபோல, வித்து வாய்க்குள் போனால் நோய் வந்துவிடும் என்பது உண்மையானால், மருத்துவமனை ஊழியர்களில் பாதிப் பேர் படுக்கையில் கிடக்க வேண்டும். வித்து வயிற்று அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலை அடைந்ததும், தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. ஈரல் சுரக்கும் பித்தநீரிலுள்ள டாரோகோலேட் என்ற உப்பும், கிளைசின் என்ற அமினோ அமிலமும் கிடைத்தால் அதற்கு விழிப்பு வருகிறது. உறை தளர்ந்து, தண்ணீரை உறிஞ்சி, மீண்டும் செல்லாகிறது.

ஆனால் விழித்தால் மட்டும் போதாது, வளரவும் இடம் வேண்டும். நலமான பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுள் சில, முதல்நிலைப் பித்த உப்புகளை டியாக்ஸிகோலேட் போன்ற இரண்டாம்நிலை உப்புகளாக மாற்றுகின்றன. இந்த இரண்டாம்நிலை உப்பு, விழித்த சி. டிஃபை வளரவிடாமல் தடுக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது நுரையீரல் கிருமியோடு இந்தக் காவலர்களும் மடிகிறார்கள். விழிப்பூட்டும் உப்பு மிகுகிறது, தடுக்கும் உப்பு குறைகிறது, உணவுக்குப் போட்டியும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கிருமி பெருகி, டிசிடிஏ, டிசிடிபி என்ற இரு நஞ்சுகளைச் சுரந்து குடல் சுவரின் செல்களை உள்ளிருந்து குலைக்கிறது. தாயாருக்கு நடந்தது இதுதான்.

ஆகவே ஆபத்து வித்தைத் தொட்டவருக்கெல்லாம் சமமாக இல்லை. கடந்த மூன்று மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர், 65 வயதைக் கடந்தவர், குடல் நோயோ நோயெதிர்ப்புக் குறைவோ உள்ளவர் ஆகியோரே கவனமாக இருக்க வேண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி எவராவது இருந்தால் அவருக்குத்தான் தனிக் கவனம் தேவை.

ஐந்து மாதக் குழந்தையைப் பற்றித் தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். நான் மேலே குறிப்பிட்ட 1935ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு எங்கே நடந்தது தெரியுமா? நலமாயிருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்தில்! முதலாண்டுக் குழந்தைகள் பலர் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே எந்தத் தொல்லையும் இன்றி வளர்கிறார்கள். இது பெரியவர்களுக்குக் குடலழற்சி தரும் கிருமி என்பது 1978இல்தான் நிறுவப்பட்டது. பாட்டியிடமிருந்து பேரனைப் பிரித்து வைக்க மருத்துவக் காரணம் இல்லை. பாட்டி கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், அணையாடை மாற்றுபவரும் கை கழுவட்டும்.

மருத்துவமனையின் குற்றமா

இந்த இடத்தில் நான் மருத்துவர் என்பதால் ஒருபக்கமாகப் பேசுவேன் என்று தம்பி ஐயுறலாம். நோய் மருத்துவமனையில் தொடங்கியது என்பதில் ஐயமில்லை. அனுமதிக்கப்பட்ட நான்காம் நாளுக்குப் பின் தொடங்கும் தொற்றை மருத்துவமனைத் தொற்றாகவே கணக்கில் எழுதுவார்கள். ஆனால் அங்கே தொடங்கியது என்பதும் அங்கே அசுத்தத்தால் தொற்றியது என்பதும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 2007 முதல் 2011 வரை வந்த நோயாளிகளின் கிருமிகளை மரபணு வரிசையோடு ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 45 விழுக்காடு அதற்கு முன் வந்த எந்த நோயாளியின் கிருமியோடும் பொருந்தவில்லை. அவர்களில் பலர் வித்தை வெளியிலிருந்து பெற்றிருக்க வேண்டும், அல்லது அறிகுறி இல்லாமல் சுமந்தவர் எவரிடமிருந்தாவது பெற்றிருக்க வேண்டும். உங்கள் தாயாரும் வித்தோடு உள்ளே போய், அங்கே கொடுத்த ஆன்டிபயாடிக்கால் நோயாளியாகியிருக்கலாம். அந்த ஆன்டிபயாடிக் இல்லாவிட்டால் நிமோனியாவே அவரை வீழ்த்தியிருக்கலாம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதனால் கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடாது. மருத்துவ அறிக்கையை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எதற்காக என்று கேளுங்கள். போக்கு தொடங்கியதற்கும் தனி அறைக்கு மாற்றியதற்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆனது, அதே வார்டில் அப்போது வேறு நோயாளிக்கு இது இருந்ததா, அறையை எதனால் துடைத்தார்கள் என்றும் கேளுங்கள். என் கணிப்பில் மருத்துவமனையின் கவனத்தையோ கவனக்குறைவையோ காட்டக்கூடியவை இந்த விடைகளே. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி நோயாளிகளின் குறைகளைக் கேட்டுப் பதிலளிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும். அங்கிருந்து தொடங்குங்கள். வழக்குத் தொடுக்கத் தனியார் மருத்துவமனை என்றால் பொதுவாக ஆறு ஆண்டும், அரசு மருத்துவமனை என்றால் 36 மாதமும் காலவரம்பு உண்டு. ஆகவே இந்த வாரமே முடிவெடுக்கும் கட்டாயம் இல்லை. கோபம் ஆறிய பின், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

முடிந்தால் முதல் சில வாரத்துக்குத் தாயாருக்கென ஒரு கழிவறையை ஒதுக்குங்கள். போக்கு நின்ற பின்னும் சில வாரத்துக்கு வித்து வெளியேறக்கூடும். ஒரே கழிவறைதான் என்றால் நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும். மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் இழுக்கச் சொல்லுங்கள், திறந்தபடி இழுத்தால் வித்து திவலையோடு தெறிக்கிறது. நம் கழிவறைகளில் கழுவுவதற்குத் தொங்கும் ஹோஸ் குழாயின் கைப்பிடியைப் பெரும்பாலோர் துடைப்பதே இல்லை. எல்லோரும் தொடுவது அதைத்தான். தண்ணீர் இழுக்கும் பொத்தான், கதவுத் தாழ், குழாய்த் திருகு ஆகியவையும் அப்படியே.

துடைக்க வேண்டியது குளோரின் பிளீச்சால். 'செராய் வாங்கி' என்ற வாசனைப்புல் மணக்கும் தரைத் திரவமும், மருத்துவமனை வாசனை வரும் கிருமிநாசினியும் வித்தை ஒன்றும் செய்யா. புட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 விழுக்காடு என்று இருந்தால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, முதலில் அழுக்கை நீக்கிவிட்டு, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டுப் பிறகு கழுவிவிடுங்கள். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள். கழிவறைக் கறை நீக்கும் அமிலத் திரவத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். வண்ணத் துணிக்கென விற்கும் சில பிளீச்சில் குளோரின் இருக்காது, வாங்கும்முன் படித்துப் பாருங்கள். கறைபட்ட துணியைத் தனியாக வெந்நீரில் சோப்புத்தூளோடு துவையுங்கள். தட்டு, குவளைகளுக்கு வழக்கமான பாத்திரம் கழுவல் போதும். வீடு முழுவதையும் பிளீச்சால் நனைத்துத் தாயாரை ஒரு மூலையில் உட்கார வைப்பது தேவையற்ற வேலை. அவர் மனத்தை அது புண்படுத்தும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

மருந்தும் மறுபரிசோதனையும்

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போக்கு மீண்டும் வந்தால், குடலைக் கட்டிப்போடுவது நஞ்சை உள்ளேயே தேக்கிவைப்பதாகும். குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மாதுளைத் தோல் கஷாயம் பெரும்பாலான எளிய போக்குகளில் பெரிய தீங்கு செய்யாது என்றாலும், மலத்தைக் கட்டச் செய்யும் எதையும் இந்த நோயில் நான் அனுமதிப்பதில்லை. மோரும் தயிரும் உணவாகச் சாப்பிடட்டும், மருந்தாக எண்ண வேண்டாம்.

வான்கோமைசின் வாய்வழியே தரப்படுவதற்குக் காரணம் உண்டு. அது குடலிலிருந்து இரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை, நேரே பெருங்குடலில் போய் நிற்கிறது. நரம்பில் ஏற்றினால் அங்கே போய்ச் சேராது. ஆனால் அதுவும் வளரும் செல்லைத்தான் கொல்கிறது. வித்து குடலுக்குள் அப்படியே கிடக்கலாம். மருந்து நின்ற பின், காவல் பாக்டீரியாக்கள் மீண்டும் குடியேறும் முன் அது விழித்துக்கொண்டால் நோய் திரும்புகிறது. முதல் முறை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள். ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தில் இந்த வாய்ப்பு குறைவு: 2011இல் வெளியான ஒப்பீட்டில் வான்கோமைசினுக்கு 25 விழுக்காடு, இதற்கு 15. விலை மிக அதிகம் என்பதால் முதல் முறைக்கே எல்லோருக்கும் எழுதுவதில்லை. மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு, நலமானவரின் குடல் பாக்டீரியாக்களைச் செலுத்தும் சிகிச்சை உண்டு. அதன் வலிமையை 2013இல் ஒரு டச்சு ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 2023இல் ஒப்புதல் பெற்ற ஒரு கேப்சூலில் இருப்பது என்ன தெரியுமா? ஆல்கஹாலில் மற்றவற்றையெல்லாம் கொன்று எடுத்த, நல்ல பாக்டீரியாக்களின் வித்துகள். காவலர்களுக்கும் வித்தாகத் தெரியும் என்பதை மருந்து செய்பவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். உங்கள் தாயாருக்கு இப்போது இவை தேவையில்லை.

தைப்பூசத்துக்கு முன் மலத்தைச் சோதித்து 'சுத்தம்' என்று ஒரு தாள் வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். குணமான பின்னும் வாரக்கணக்கில் சோதனையில் கிருமி தென்படலாம். அதற்கு மருந்தும் தேவையில்லை. அந்தத் தாளில் 'உண்டு' என்று வந்தால் பயனின்றி உங்கள் தூக்கம்தான் கெடும். சோதனைக்குக் காரணமாக வேண்டியது அறிகுறி மட்டுமே. ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், வயிறு உப்புதல், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. இனிமேல் எந்தக் கிளினிக்கில், எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், 'எனக்கு சி. டிஃப் வந்திருந்தது' என்று தாயார் முதலில் சொல்ல வேண்டும். சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கேட்டதும் எழுதித் தரும் பழக்கம் எங்களிடையே. தேவையான போது கட்டாயம் எடுக்க வேண்டும், அஞ்சித் தவிர்க்கக் கூடாது. தேவைதானா என்று ஒருமுறை கேட்பதற்கு மட்டும் தயங்க வேண்டாம். அவர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது நெடுநாளாக எடுத்துவந்தால், அது இன்னும் வேண்டுமா என்றும் கேளுங்கள். அத்தகைய மாத்திரைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

தாயாரிடம் சொல்ல வேண்டியது

அவர் அடுப்படிக்குப் போகலாம். மலம் கெட்டியாகி இரண்டு நாள் ஆன பின், சோப்பால் கை கழுவிவிட்டுச் சமைக்கும் சோற்றை நானே அவர் கையால் வாங்கி உண்பேன் என்று சொல்லுங்கள். தண்ணீர்ப் பந்தலுக்கும் போகலாம். ஏழு வாரம் தாராளமான இடைவெளி, அந்த வேளையில் வயிறு சரியாக இருந்தால் காய்கறி நறுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. போக்கு திரும்பியிருந்தால் மட்டும் இந்த ஆண்டு அமர்ந்து பார்க்கட்டும். போகும்முன் பந்தலில் கை கழுவக் குழாய் இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேசையில் சானிடைசர் புட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால், வீட்டிலிருந்து ஒரு சோப்பையும் குழாய் வைத்த ஒரு தண்ணீர்த் தோம்பையும் எடுத்துச் செல்லுங்கள்.